பெட்டகத்தில் ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறதா? செட்டிநாட்டு வாரிசுகளுக்கு ஒரு வழிகாட்டி

அப்பச்சி (அப்பா) கருமாதி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தோம். பெட்டகத்தில் வேட்டி அடுக்குக்கு அடியில் நீளமாக ஒரு தோல் உறை. உள்ளே ஐயா (அப்பாவின் அப்பா) காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி. பக்கத்தில் பிஸ்கட் டப்பாவில் ஏழு தோட்டா. காகித உடம்பு, பித்தளை அடி, ஈரத்தில் ஊதிப் போயிருந்தன.

நான் சென்னையில் இருக்கிறேன். தம்பி காரைக்குடியில். துப்பாக்கியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பூட்டிய வீட்டில் இது கிடக்க வேண்டாம், காரில் போட்டுச் சென்னைக்கே கொண்டு போய்விடலாம். டிக்கியைத் திறந்தும் விட்டேன். எதிர் வீட்டில் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவர் திண்ணையில் இருந்து எழுந்து வந்து, "தம்பி, அத வண்டியில ஏத்துனா உனக்குத்தான் கேசு. முதல்ல உள்ள வையி" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னைக் காப்பாற்றியது.

அன்றிலிருந்து தம்பி கையில் உரிமப் புத்தகம் வரும் வரை பதினான்கு மாதம் ஆயிற்று. அதில் பாதி, வரிசை தெரியாததால் வீணானது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், அந்தப் பக்கம் ராயவரம், பொன்னமராவதி என்று பழைய வீடுகளில் இப்படி எத்தனையோ துப்பாக்கிகள் உறங்குகின்றன. உங்கள் வீட்டில் ஒன்று கிடைத்தால் எந்த வரிசையில் என்ன செய்வது என்பதை, எங்களுக்கு நேர்ந்ததை வைத்துச் சொல்கிறேன்.

1. முதல் நாள்: எடுக்காதீர்கள், ஏற்றாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

வீடு, வயல், நகை எல்லாம் அப்பா போன அன்றே வாரிசுகளுக்கு வந்துவிடுகிறது. துப்பாக்கி அப்படி இல்லை. அது குடும்பச் சொத்துதான். ஆனால் அதை வைத்திருக்கும் அனுமதி, உரிமம் யார் பெயரில் இருந்ததோ அவரோடு போய்விடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு வழியும் சொல்கிறது: தேவையற்ற தாமதம் இல்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும்.

"பழசுதானே, ஆன்டிக் பொருளுக்கு லைசென்ஸ் எதற்கு" என்று உறவில் நாலு பேர் சொல்வார்கள். கேட்காதீர்கள். 45ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்குத்தான் அந்த விலக்கு. ரெட்டைக்குழல் துப்பாக்கி எண்பது, தொண்ணூறு வருடம் ஆனாலும் ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும். அதனால் உங்கள் துப்பாக்கிக்கு அந்த விலக்கு கிடைக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

முதல் நாள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். விசையைத் தொடாதீர்கள், குழல்வாய் யார் பக்கமும் திரும்ப வேண்டாம், பிள்ளைகளை அந்தக் கட்டுக்கே விடாதீர்கள். கிடந்த இடத்திலேயே இரண்டு படம் எடுத்துக்கொண்டு அறையைப் பூட்டுங்கள். அப்புறம் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம், இரண்டு பிரதி. யார் இறந்தார், என்று இறந்தார், துப்பாக்கி எந்த அறையில் இருக்கிறது, எத்தனை தோட்டா, வந்து பெற்றுக்கொள்ளவும் என்று எழுதி, ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

எங்களை மூன்று நாள் "சார் வரட்டும், நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். உங்களுக்கும் அப்படி நடந்தால் அலைந்துகொண்டிருக்காமல், அதே கடிதத்தை நிலையத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் தாமதம் செய்யவில்லை என்பதற்கு அந்தத் தபால் ரசீதுதான் சாட்சி. "நீங்களே எடுத்துட்டு வந்துருங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்களோடு ஒரு காவலரை அனுப்புங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். அரை மணி நேர வேலை.

2. உரிமப் புத்தகத்தைத் தேடுங்கள்

துப்பாக்கி இருந்த இடத்தில் புத்தகம் இருக்காது. எங்கள் வீட்டில் அது வரி ரசீதுகளோடு கணக்குப் பெட்டியில் இருந்தது. அப்பச்சி ஒவ்வொரு முறையும் புதுப்பித்து வைத்திருந்தார், நல்லவேளை.

புத்தகத்தில் நான்கு விஷயம் பாருங்கள். உரிமம் எது வரை செல்லும். துப்பாக்கியின் எண், தயாரிப்பு, போர் (குழலின் உள்விட்டம்) அளவு. யூ.ஐ.என். என்ற தேசியப் பதிவு எண் ஏறியிருக்கிறதா. தோட்டா எத்தனை அனுமதி.

துப்பாக்கி எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். விசைக் காப்பின் (விசையைச் சுற்றி இருக்கும் வளையத்தின்) வாலிலும், குழலைக் கழற்றினால் அதன் அடியிலும் எண் செதுக்கியிருக்கும். எங்கள் துப்பாக்கியில் முதல் இலக்கம் 8. யாரோ எந்தக் காலத்திலோ புத்தகத்தில் பெயர்த்து எழுதும்போது அது 3 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புதுப்பித்தலும் அந்த 3ஐயே சுமந்து வந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய மட்டும் மூன்று மாதம் போயிற்று. ஒப்படைக்கும் ரசீதில் எண்ணைத் துப்பாக்கியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுத விடாதீர்கள்.

புத்தகமே கிடைக்கவில்லை, அல்லது ஐயாவோடு உரிமம் நின்று போய் இருபது வருடம் ஆகிவிட்டது என்றால் உங்கள் நிலை கொஞ்சம் சிக்கல்தான். அப்போது காவல் நிலையத்துக்குப் போகும் முன் ஒரு வக்கீலைப் பார்த்து அந்த முதல் கடிதத்தை அவர் கையால் எழுத வையுங்கள். இதற்காகும் செலவைப் பார்க்காதீர்கள். தானாக முன்வந்து ஒப்படைப்பதற்கும், வேறு யாரோ சொல்லித் தேடி வந்து எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

3. ஒப்படைப்பு: நிலையமா, கடையா?

இரண்டும் சட்டப்படி சரி. நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் நம் துப்பாக்கி இன்னும் பத்துத் துப்பாக்கியோடு சுவரில் சாய்ந்து கிடக்கும். எண்ணெய் போட ஆள் கிடையாது. ஒரு மழைக்காலம் போதும், குழலுக்குள் துரு ஏறிவிடும். மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைகள் பாதுகாப்புக்கு வாங்கி வைப்பார்கள். நாங்கள் கொடுத்தது மாதம் 400 ரூபாய். கடைக்குக் கடை மாறும். நிலையத்தில் முதலில் ஒப்படைத்துவிட்டு, பிறகு எழுத்து மூலம் அனுமதி பெற்றுக் கடைக்கு மாற்றினோம். ஐயாவின் துப்பாக்கி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் அந்த மாதச் செலவு தகும்.

எங்கே வைத்தாலும் ரசீதில் தயாரிப்பு, எண், குழல் நீளம், கட்டையில் உள்ள கீறல் முதற்கொண்டு நிலை, தோட்டா எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். "பழைய துப்பாக்கி ஒன்று" என்று எழுதிய ரசீது பிற்பாடு எதற்கும் உதவாது.

இன்னொன்று. ஒப்படைத்துவிட்டோம், கவலை விட்டது என்று மறந்துவிடாதீர்கள். குறித்த காலத்துக்குள் யாரும் உரிமை கோராத ஆயுதம் அரசுக்குப் போய்ச் சேர அதே 21ஆம் பிரிவில் இடம் உண்டு. வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எழுதிக் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. யார் பெயரில், எந்த ஊரில்

நான் பெரிதாகச் சறுக்கியது இங்கேதான்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25ஆம் விதி வாரிசுகளுக்கானது. உரிமதாரர் இறந்த பிறகு வாரிசு ஒருவருக்கு உரிமம் தரலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரை அவரே நியமித்து மாற்றியும் கொடுக்கலாம். இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் அப்பச்சியோ ஐயாவோ உரிமத்தோடு இருக்கிறார் என்றால், தயவு செய்து இந்த வழியைப் பிடியுங்கள். அவர் கையெழுத்தோடு போகும் காகிதத்துக்கு வாரிசுச் சான்றிதழ், பங்காளி சம்மதம் என்ற தொல்லை குறைவு. வயதானவரிடம் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். எங்களுக்கும் இருந்தது, பேசாமல் விட்டோம். பேசியிருந்தால் பத்து மாதமாவது மிஞ்சியிருக்கும்.

யார் விண்ணப்பிப்பது? 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது, மகளும் விண்ணப்பிக்கலாம். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. குடும்பச் சொத்தாக வந்தாலும் இந்த வரம்புதான்.

எந்த ஊரில்? வீடு இருக்கும் ஊரை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. விண்ணப்பிப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த இடத்து அதிகாரியிடம்தான் போக வேண்டும். மாவட்டம் என்றால் ஆட்சியர், சென்னை போன்ற மாநகரம் என்றால் காவல் ஆணையர். நான் சென்னை முகவரி உள்ள ஆதாரை வைத்துக்கொண்டு சிவகங்கைக்குப் போய் விண்ணப்பித்தேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. "பூர்வீக வீடு இங்கேதான் இருக்கிறது" என்பது செல்லாது. கடைசியில் காரைக்குடியிலேயே குடியிருக்கும் தம்பி பெயரில் போட்டோம். சிவகங்கை காரைக்குடியில் இருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போய்விடும். உங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தால் ஆட்சியர் அலுவலகமும் புதுக்கோட்டையில்தான். செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் பரந்து கிடப்பதால் இதில் குழம்பியவர்களை நானே பார்த்தேன்.

5. காகிதங்களும் செலவும்

இறப்புச் சான்றிதழ், ஐந்து பிரதியாவது. வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் பதிய 60 ரூபாய். தாசில்தார் கையெழுத்தாகி வர எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். பூட்டிய வீடுகள் நிறைந்த தெருவில் அந்த இரண்டு பேரைப் பிடிப்பதே பாடு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மற்ற வாரிசுகள் எல்லோரும் "இன்னாருக்கு உரிமம் தருவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி தர வேண்டும். நோட்டரி கட்டணம் தனி. ஆத்தா (அம்மா), நான், தங்கை மூவரும் கொடுத்தோம். தங்கை சிங்கப்பூரில். அவள் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்பினாள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். உறவில் பாதிப்பேர் மலேசியா, சிங்கப்பூர் என்று இருப்பதால் முதலில் அனுப்ப வேண்டியது இந்தக் காகிதம்தான். எல்லாம் சேர்ந்த பிறகு கேட்கலாம் என்று இருந்தால் அங்கேயே ஒரு மாதம் நிற்கும்.

விண்ணப்பதாரருக்கு: படிவம் ஏ-1, வெள்ளைப் பின்னணியில் நான்கு புகைப்படம், பிறந்த தேதிச் சான்று, அடையாளம், முகவரிச் சான்று. எஸ்-3 என்ற மருத்துவச் சான்று. மனநலம், உடல்நலம், போதைப் பழக்கம் இல்லை என்பது மூன்றும் அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தம்பி அரசு மருத்துவமனையில் வாங்கினான். முதல் சான்றில் போதைப் பழக்கம் பற்றிய வரி விட்டுப் போய்விட்டது, இன்னொரு நாள் அலைச்சல். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற சுடுதல் சங்கத்தில் அதைப் பெறலாம். பயிற்சியைச் சடங்காக நினைக்காதீர்கள். தோட்டா ஏற்றும்போது குழல்வாய் எங்கே பார்க்க வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தது அங்கேதான்.

உரிமக் கட்டணத்தை விண்ணப்பிக்கும்போது என்ன சொல்கிறார்களோ அதைச் செலுத்தி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். செலவில் அது சின்னப் பகுதிதான். பெரிய செலவு கடையின் பாதுகாப்புக் கட்டணம், இரும்புப் பெட்டி, போக்குவரத்து. எங்களுக்கு எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய ஆயிற்று.

இடையில் ஒரு "ஆள்" வந்து, இவ்வளவு கொடுத்தால் ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பார். கொடுக்காதீர்கள். ஒவ்வொரு அறிக்கையும் வெவ்வேறு அலுவலகத்தில் இருந்து வருகிறது. எந்த ஒரு ஆளாலும் அத்தனையையும் நகர்த்த முடியாது.

6. காத்திருக்கும் காலம்

விண்ணப்பம் போனதும் காவல்துறை அறிக்கை கேட்பார்கள். எங்களுக்கு வருவாய்த் துறை அறிக்கையும் கேட்டார்கள். காவல்துறை அறிக்கை கிடைத்த 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் நேரம் போவது அறிக்கை வந்து சேர்வதற்குள்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கோப்பு எண்ணைச் சொல்லி எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

தேர்தல் அறிவித்துவிட்டால் இந்த வேலை அப்படியே நின்றுவிடும். உரிமம் உள்ளவர்களையே துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் காலம் அது. தேர்தல் வரும் என்று தெரிந்தால் அதற்கு நாலைந்து மாதம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடப் பாருங்கள்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் உத்தரவு கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். கிடைத்தால் உரிமம் 5 ஆண்டு செல்லும். புதுப்பிக்க இரண்டு மாதம் முன்பே எழுந்துவிடுங்கள்.

7. குழலைப் பார்க்காமல் தோட்டா போடாதீர்கள்

உரிமம் வந்த மகிழ்ச்சியில் முதலில் செய்யத் தோன்றுவது இரண்டு தோட்டா வாங்கிச் சுட்டுப் பார்ப்பது. தயவு செய்து வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் ஒரு முறை காட்டுங்கள்.

எங்கள் துப்பாக்கியைப் பார்த்த மேஸ்திரிக்கு எழுபது வயது இருக்கும். முன்கட்டையைக் கழற்றி, நெம்புகோலைத் தள்ளி, குழல் இரண்டையும் தனியே எடுத்தார். ஒரு கயிற்றில் குழலைத் தொங்கவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தட்டினார். கோயில் மணி போல நீளமாக ஒலித்தது. "பத்தவச்ச எடம் விட்டிருந்தா சத்தம் செத்துப் போகும். இது நல்லாருக்கு" என்றார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடி போல வெளிச்சம் வளையம் வளையமாக ஓடியது. வலது குழலில் மட்டும் ஓரிடத்தில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழி.

அதன் பிறகு அவர் காட்டியதுதான் முக்கியம். குழலின் அடியில், தட்டையான இடத்தில், சின்னச் சின்னக் கிரீட முத்திரைகள். இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளை லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்த்து அடிக்கும் முத்திரை அது. சில பழைய குழல்கள் கருமருந்துக்கு மட்டும் சோதித்தவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டா அவற்றுக்கு ஆகாது. குழலின் மேல் தேக்குப் பலகை ரேகை போல நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல். பார்க்க அத்தனை அழகு. அதைச் சுவரில் மாட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எங்களுடையது எஃகுக் குழல், 12 போர். ஆனால் மேஸ்திரி ஒரு பித்தளை அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்து, தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான் என்றார். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். "அந்தத் தோட்டாவும் உள்ள போகும் தம்பி. துப்பாக்கி நல்லா மூடவும் மூடும். அதுதான் ஆபத்து" என்றார். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். மடித்த வாயோடு தோட்டா குட்டையாக இருப்பதால் தடையில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடம் இல்லாமல், குழல் குறுகும் இடத்தில் போய் முட்டி அழுத்தம் ஏறிவிடும். பக்கத்தில் கண், கை எல்லாம் இருக்கிறது. "12 போர்தானே" என்று சொல்லித் தோட்டா வாங்காதீர்கள். அறை நீளத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள்.

ஊதிப்போன அந்த ஏழு தோட்டாவையும் நிலையத்திலேயே ஒப்படைத்திருந்தோம். உங்கள் வீட்டில் இருந்தாலும் அதைத்தான் செய்யுங்கள். வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம்.

8. பூட்டிய வீட்டில் வைக்காதீர்கள்

உரிமத்தில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் துப்பாக்கி இருக்க வேண்டும். பழைய வீட்டுச் சாவி நாலு பங்காளிகளிடம் இருக்கும், ஒன்று காவல்காரரிடமும் இருக்கும். அப்படிப்பட்ட இடம் துப்பாக்கிக்கு ஆகாது. தம்பி குடியிருக்கும் வீட்டில் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி வைத்தோம். தோட்டா தனிப் பெட்டியில், தனிப் பூட்டில். சாவி இரண்டும் அவனிடம் மட்டும்.

காவல்காரர் கையில் கொடுத்துத் தோப்புக்கு அனுப்பும் பழக்கம் முன்பு இருந்தது. இப்போது உரிமத்தில் பெயர் ஏறாத யாரும் அதைத் தூக்கக் கூடாது, அண்ணனான நானும்தான். கல்யாணத்தில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நின்று ஆளாளுக்குத் துப்பாக்கியோடு படம் எடுக்கக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். கொண்டாட்டத்துக்காக மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள்.

9. அணில் சுடலாமா என்று கேட்பவர்களுக்கு

இந்தப் பதினான்கு மாதத்தில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். அமெரிக்காவில் பருவம் வைத்து, அனுமதி வாங்கி, இதே மாதிரிப் பழைய ரெட்டைக்குழலில் அணில் வேட்டைக்குப் போகிறார்கள். படம் பார்த்துவிட்டு நம் தோப்பிலும் போகலாமா என்கிறார்கள். ஐயாவும் கொய்யாத் தோப்பில் அணிலை விரட்டச் சுட்டிருக்கிறார் என்று அப்பத்தா சொன்னதுண்டு. மூன்று கோடு ராமர் தடவியது என்று சொல்லிச் சொல்லியே அப்பத்தா அதை நிறுத்த வைத்தாராம்.

நம் நாட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இங்கே வேட்டை ஒரு பொழுதுபோக்காக இல்லை. அதில் தண்டனை பெற்றால், பயன்படுத்திய துப்பாக்கியின் உரிமத்தை ரத்து செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். தீர்ப்பு நாளில் இருந்து 5 ஆண்டுக்கு வேறு உரிமமும் கிடைக்காது. ஒரு மாலை நேர ஆசைக்காக ஐயாவின் துப்பாக்கியையே இழந்துவிடுவீர்கள். நமக்குப் பக்கத்திலேயே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகள் மிரளும் என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக் கூட வெடி போடுவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் நடுவில் நாம் தோட்டா வெடித்துத் திரிவதா?

சுடும் ஆசை உண்மையாக இருந்தால் விளையாட்டுச் சுடுதல் இருக்கிறது. பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்கு 12 போர் ரெட்டைக்குழல்தான் கருவி. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் அதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். சங்கத்தில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கியில் பழகுங்கள். ஐயாவின் துப்பாக்கியை அந்த ஓட்டத்துக்கு இழுக்க வேண்டாம்.

10. வேண்டாம் என்று முடிவு செய்தால்

எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் என்றால் விற்பதே சரி. உரிமம் உள்ளவருக்கோ வியாபாரிக்கோ மட்டும்தான் விற்க முடியும். விற்கப் போகிறேன் என்று மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் தனியாளுக்குக் கை மாற்றலாம். பழைய சாமான் எடுக்க வருபவர் கதவு, தூண், பீங்கானோடு சேர்த்து இதற்கும் விலை சொல்வார். கொடுத்தால் விற்ற நீங்களும் வாங்கிய அவரும் சேர்ந்தே மாட்டுவீர்கள். நூறு வருடம் தாண்டிய துப்பாக்கி என்றால் 1972 தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. சிங்கப்பூர் வீட்டுச் சுவரில் மாட்டலாம் என்ற தங்கையின் ஆசை அங்கேதான் நின்றது.

நினைவாக மட்டும் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு, உரிமம் பெற்ற பட்டறையில் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு 2016 விதிகளில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் முன் அனுமதி கேட்டு, செய்து முடித்த பிறகு சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை குழலை அடைத்துவிட்டால் திரும்பாது. அதனால் வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஆத்தாவிடம் கேட்டோம். "ஐயா தொடச்சுத் தொடச்சு வச்சது, அப்படியே இருக்கட்டும்" என்றார். மாதத்துக்கு ஒரு முறை தம்பி பெட்டியைத் திறந்து, குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு எடுத்து, திரும்பப் பூட்டி வைக்கிறான்.